டேட்டா மிச்சம் வேறு, பணம் மிச்சம் வேறு: ப்ரீபெய்டு நெட் கணக்கு முதலிலிருந்து

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்ஸ்அப் பார்த்து முடித்ததும் திரையை மேலிருந்து இழுத்து நெட்டை அணைத்துவிடுவார். ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துவது மாதிரி. கேட்டால், "சும்மா ஓடிக்கிட்டே இருந்தா காசு போகும்ல?" என்பார்.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அவர் போனில் அந்த ரீசார்ஜுக்கான பயன்பாட்டைப் பார்த்தேன். போட்டிருந்தது தினம் 1.5 ஜிபி கிடைக்கும் 28 நாள் திட்டம். அதாவது மொத்தம் 42 ஜிபி. அம்மா செலவழித்திருந்தது ஆறு ஜிபி. அணைத்து அணைத்து அவர் சேர்த்த 36 ஜிபி எங்கே? எங்கேயும் இல்லை. ஒவ்வொரு நள்ளிரவிலும் அன்றைய மிச்சம் அழிந்துபோனது. ஒரு பைசாகூட அவர் கணக்குக்குத் திரும்பவில்லை.

அம்மா மட்டுமல்ல, நன்றாகப் படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க நூறு வழி சொல்லும் பேச்சு எங்கும் ஓடுகிறது. அது எப்போது பணமாக மாறும், எப்போது மாறாது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டு விலைகள் பெரும்பாலும் 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின் ஜியோ வைத்த விலைகள். மற்ற நிறுவனங்களிலும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான். விலை மாறிக்கொண்டே இருக்கும், கணக்கு போடும் முறை மாறாது. ரீசார்ஜ் செய்யும் அன்று புது விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரா, மெஸ் டோக்கனா?

வீட்டு மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. ஃபேனை நிறுத்தினால் யூனிட் குறையும், யூனிட் குறைந்தால் பில் குறையும். அம்மா மனதில் இருப்பது இந்தக் கணக்கு. அவர் மேல் தப்பும் இல்லை. ஒரு காலத்தில் மொபைல் நெட்டும் மீட்டர் மாதிரிதான் ஓடியது. பத்து கேபிக்கு இத்தனை பைசா என்று பேலன்ஸிலிருந்து வெட்டுவார்கள். தெரியாமல் ஒரு பட்டன் பட்டு இணையம் திறந்துவிட்டால் பதறிப்போய் மூடிய தலைமுறை நம்முடையது. ஜியோ வருவதற்கு முன், 2015 வாக்கில், ஒரு ஜிபிக்கு சுமார் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2016 செப்டம்பருக்குப் பிறகு கதை மாறியது. இப்போது பெரும்பாலோர் போடுவது தினக்கணக்குத் திட்டம். இது மீட்டர் இல்லை, ஹாஸ்டல் மெஸ் டோக்கன். மாதத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. தினம் மூன்று வேளை சாப்பாடு உண்டு. இன்று ராத்திரி வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால், நாளை இரண்டு தட்டு தரமாட்டார்கள். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மெஸ் பில் ஒன்றுதான்.

இன்னொரு வகைத் திட்டமும் இருக்கிறது. 28 நாளைக்கு மொத்தமாக இரண்டு ஜிபி என்று கையில் கொடுத்துவிடுவார்கள். அது அரிசி மூட்டை. ஒரே நாளில் வடித்துக் கொட்டினாலும் சரி, சிக்கனமாக மாதம் முழுக்கப் பொங்கினாலும் சரி, உங்கள் பாடு. இங்கே சிக்கனத்துக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் மூட்டை கூடுதல் நாள் வரும்.

சுருக்கமாக: மெஸ் டோக்கன் வைத்திருப்பவர் நெட்டை அணைத்து அணைத்து வைப்பதில் பணம் மிச்சமாகாது. பேட்டரி வேண்டுமானால் கொஞ்சம் மிச்சமாகும்.

ஒப்பந்தம் இல்லை என்றால் என்ன?

ப்ரீபெய்டு என்றால் முதலில் பணம், பிறகு சேவை. போஸ்ட்பெய்டு என்றால் மாதம் முடிந்ததும் பில். வெளிநாடுகள் பலவற்றில் போனையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்து, ஒன்றிரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நடுவில் விலகினால் அபராதம். நம் ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ப்ரீபெய்டு. கையெழுத்தும் இல்லை, அபராதமும் இல்லை. திட்டம் முடிந்த நாளில் வேறு திட்டம் போடலாம், வேறு நிறுவனத்துக்கே போகலாம்.

இந்தச் சுதந்திரம் இருந்தும் நம்மில் பலர் வருடக்கணக்காக ஒரே தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். கடைக்காரர் "வழக்கமாப் போடுறதா?" என்று கேட்பார். நாமும் தலையாட்டுவோம். அதுதான் நம் ஊர் ஒப்பந்தம்.

ஒரு சின்ன விஷயம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ப்ரீபெய்டு விலையில் வரி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டுக்கும் வீட்டு பிராட்பேண்டுக்கும் விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 449 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 530. இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு மொத்தமும் தப்பு.

அளவு வேறு, வேகம் வேறு

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். எத்தனை குடம் பிடித்தீர்கள் என்பது அளவு. ஒரு குடம் நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்பது வேகம். டேட்டாவில் அளவைச் சொல்வது ஜிபி, எம்பி, கேபி. ஆயிரம் கேபி சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு எம்பி, ஆயிரம் எம்பி சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஜிபி. வேகத்தைச் சொல்வது எம்பிபிஎஸ், கேபிபிஎஸ். அதாவது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட், எத்தனை கிலோபிட்.

இதில் ஒரு வலை இருக்கிறது. அளவு பைட்டில் சொல்லப்படுகிறது, வேகம் பிட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே வேக எண்ணை எட்டால் வகுத்தால்தான் நொடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

இந்த வகுத்தல் தெரிந்துவிட்டால் "அன்லிமிடெட்" என்ற சொல்லின் சாயம் வெளுத்துவிடும். தினக்கோட்டா தீர்ந்த பிறகும் நெட் நிற்காது, அதனால் அதற்கு அன்லிமிடெட் என்று பெயர். ஆனால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். எட்டால் வகுத்தால் நொடிக்கு எட்டு கேபி. இரண்டு எம்பி போட்டோ ஒன்று திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். வெறும் எழுத்தில் செய்தி போகும். காய்கறிக் கடையில் யுபிஐ போட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்பவர் இருமுவார். குழாயை மூடவில்லை, சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த அன்லிமிடெட்.

5ஜி கதை கொஞ்சம் வேறு. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெலும் தினம் இரண்டு ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும், 5ஜியில் இருக்கும்வரை கோட்டாவிலிருந்து கழிக்காமல் கொடுக்கின்றன. 5ஜி போன் இருந்து, உங்கள் வீட்டுக்குள் 5ஜி சிக்னலும் நிலையாக இருந்தால், தினம் மூன்று ஜிபி திட்டத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை. சிக்னல் 4ஜிக்கு நழுவிய நொடியிலிருந்து கோட்டா கரையும், அதை மட்டும் கவனியுங்கள்.

தினக்கணக்கு ஏன் வந்தது?

உங்கள் போன் நேராக இணையத்துடன் பேசுவதில்லை. டவருடன் பேசுகிறது. டவரிலிருந்து நிறுவனத்தின் மையக் கட்டமைப்புக்குப் போய், அங்கே ஒரு வாசலைத் தாண்டித்தான் வெளி இணையத்துக்குப் போக முடியும். சுங்கச்சாவடி மாதிரி அந்த வாசலில்தான் எண்ணுகிறார்கள். போவதும் கணக்கு, வருவதும் கணக்கு. நீங்கள் வீடியோ பார்த்தாலும் சரி, எடுத்த வீடியோவை அத்தைக்கு அனுப்பினாலும் சரி, இரண்டும் கோட்டாவிலிருந்து கழியும். ஹாட்ஸ்பாட் போட்டு மகனின் லேப்டாப்புக்குக் கொடுத்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.

டவரைப் பொறுத்தவரை ஒரு ஜிபி என்பது செலவே அல்ல. செலவெல்லாம் நெரிசலில் இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள அத்தனை பேரும் ஒரே டவரின் அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு, கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்குவதற்காகத்தான் கோடிக்கணக்கில் ஏலத்தில் அலைவரிசை வாங்கி, டவர்களைக் கூட்டுகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அதே டவர் வெட்டியாக நிற்கும்.

42 ஜிபியை மொத்தமாகக் கையில் கொடுத்தால், பலர் சனி, ஞாயிறில் ஒரேயடியாக இறைத்துவிடுவார்கள். தினத்துக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டால் நெரிசல் பரவிவிடுகிறது. இது ஒரு காரணம். இன்னொன்று, என் கணிப்பில் முக்கியமான காரணம், கல்யாணப் பந்தி கணக்கு. எல்லோரும் முழுச் சாப்பாடு சாப்பிடமாட்டார்கள் என்று சமையல்காரருக்குத் தெரியும். 2024-இல் இந்தியாவில் ஒருவரின் சராசரிப் பயன்பாடு மாதம் 20 ஜிபியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. உலக அளவில் பார்த்தால் இதுவே பெரிய எண். ஆனாலும் 42 ஜிபியில் அது பாதிதான். மீதிப் பாதி இலையிலேயே மிஞ்சுகிறது, அதற்கும் சேர்த்துத்தான் மொய் எழுதுகிறோம்.

இருபத்தெட்டு நாள் மாதம்

இது பழைய குறை, ஆனாலும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. 28 நாள் என்றால் சரியாக நான்கு வாரம். வருடத்தில் பன்னிரண்டு மாதம்தான், ஆனால் 28 நாள்கள் பதின்மூன்று வரும். 13 பெருக்கல் 28, 364. மாதாமாதம் 299 போடுகிறேன் என்று நினைப்பவர் வருடத்துக்கு 3,588 ஆகிறது என்று நினைப்பார். உண்மையில் போவது 3,887. பதின்மூன்றாவது ரீசார்ஜ் யார் கண்ணிலும் படாமல் ஓடிவிடுகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டமும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வகைக்கு ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும். ஆனால் 30 நாள் என்பதற்காகவே அது மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். நாள் எண்ணிக்கையைக் கூட்டும்போது விலையையும் கூட்டியிருப்பார்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உண்மை விலை.

சாஷேயும் பாட்டிலும்

வகுத்தலைத் தொடர்வோம். தினம் 1.5 ஜிபி, 28 நாள், 299 ரூபாய். ஒரு நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. அதே 1.5 ஜிபி, 84 நாள், 799 ரூபாய். ஒரு நாளுக்கு 9 ரூபாய் 51 காசு. மூன்று தடவை 299 போட்டால் 897 ஆகியிருக்கும், ஆக 98 ரூபாய் மிச்சம். எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல், ஒரு வீடியோவைக்கூடக் குறைக்காமல் வரும் மிச்சம் இது.

வருடத் திட்டத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. தினம் 2.5 ஜிபி, 365 நாள், 3,599 ரூபாய். நாளுக்கு 9 ரூபாய் 86 காசு. 299 போடுபவர் வருடத்துக்கு 3,887 கொடுத்து தினம் 1.5 ஜிபி வாங்குகிறார். ஒரே தடவையில் 3,599 எடுத்து வைக்க முடிந்தவர் அதைவிடக் குறைவாகக் கொடுத்து தினம் 2.5 ஜிபி வாங்குகிறார். கூடவே 5ஜியும் கிடைக்கிறது. கையில் காசு இருப்பவருக்குச் சரக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை கூடுதல். ரேஷன் வாங்கும் வீடுகளில் மாதச் சாமான் வாங்கப் பணமில்லாமல் தினம் ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இது பழகிய அநியாயம்தான்.

இன்னும் சின்ன அளவு வேண்டுமென்றால் ஆட்-ஆன். பூஸ்டர் என்றும் சொல்வார்கள். நெட் தீர்ந்த அவசரத்துக்கு ஒரு ஜிபி, இருபது ரூபாய் வாக்கில். அதே ஜிபி 299 திட்டத்துக்குள் ஏழு ரூபாய் சொச்சம்தான். கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து ஊரெங்கும் கொண்டுபோனார். இன்றும் பல ஷாம்புகளில் பாட்டிலைவிடச் சாஷே வாங்குவதே லாபம். டேட்டாவில் அப்படியே தலைகீழ். சாஷேதான் மூன்று மடங்கு விலை. மாதம் ஒன்றிரண்டு தடவை என்றால் பரவாயில்லை. நான்கைந்து தடவை பூஸ்டர் போடுகிறவர் தன் திட்டத்தை ஒரு படி ஏற்றிக்கொள்வதே நல்லது. பூஸ்டரின் ஆயுளையும் பாருங்கள். முன்பு திட்டம் முடியும்வரை இருந்தது, இப்போது பலவற்றுக்கு ஓரிரு நாள்தான்.

வருடத் திட்டத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. காசு கட்டியபின் உங்கள் தெருவில் டவர் மோசமானாலும், வேறு நிறுவனம் விலை குறைத்தாலும் நகர முடியாது. நகரலாம், ஆனால் மீதி நாள்கள் கூட வராது. ஒப்பந்தம் இல்லை என்று பெருமைப்பட்டுவிட்டு நாமே ஒரு வருடத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். அதனால் புது நிறுவனத்துக்கு மாறியதும் வருடத் திட்டம் போடாதீர்கள். ஒரு 28 நாள் ஓட்டி, படுக்கையறையிலும் வேலை செய்யும் இடத்திலும் சிக்னல் எப்படி என்று பார்த்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

இதுவரை வந்த கணக்கு இரண்டே வரி. விலையை நாளால் வகுத்தால் திட்டங்களை ஒப்பிடலாம். விலையை மொத்த ஜிபியால் வகுத்தால் பூஸ்டரின் உண்மை விலை தெரியும்.

படிக்கட்டு

இப்போது அம்மாவின் ஆறு ஜிபிக்கு வருவோம். டேட்டாவைக் குறைத்தால் பணம் குறையாது என்றேன். முழுக்க அப்படியும் இல்லை. திட்டங்கள் சரிவுப் பாதை மாதிரி இல்லை, படிக்கட்டு மாதிரி. 299-க்குக் கீழே இருக்கும் 28 நாள் மூட்டைத் திட்டம் 189. அதில் 28 நாளைக்கும் சேர்த்து இரண்டு ஜிபி, அழைப்புகள் வழக்கம்போல. ஒருவர் 30 ஜிபியிலிருந்து ஆறு ஜிபிக்குக் குறைத்தாலும் 299 படியிலேயேதான் நிற்பார், ஒரு ரூபாயும் மிஞ்சாது. ஆறிலிருந்து இரண்டுக்குள் குறைத்தால் ஒரு படி இறங்கலாம், 110 ரூபாய் மிஞ்சும். வருடத்துக்குப் பதின்மூன்று தடவை, 1,430.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது அளப்பது. போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பக்கத்தில் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று வரிசையாக இருக்கும். அந்தச் சுழற்சியின் தொடக்கத் தேதியை ரீசார்ஜ் தேதிக்கு மாற்றி வைத்துவிட்டு ஒரு 28 நாள் சும்மா விடுங்கள். எதையும் குறைக்க வேண்டாம். போன் காட்டும் எண்ணுக்கும் நிறுவனம் காட்டும் எண்ணுக்கும் சின்ன வித்தியாசம் வரும், பரவாயில்லை.

அம்மாவின் பட்டியலில் முதலிடத்தில் யூடியூப் இருந்தது. எனக்கு ஆச்சரியம், அவர் வீடியோ பார்க்கும் ஆளே இல்லை. பிறகுதான் புரிந்தது. தினம் காலை விளக்கேற்றும்போது ஒரு பக்திப் பாடலைப் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூ தொடுக்கப் போய்விடுவார். இருபது நிமிடப் பாட்டு. காது மட்டும் கேட்கிறது, ஆனால் படமும் சேர்ந்து இறங்குகிறது.

இதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வீடியோ நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. நடுத்தரத் தெளிவு, 480பி, ஏறக்குறைய இந்த அளவு. 1080பி தெளிவுக்கு நான்கு மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி இருப்பவருக்கு ஐம்பது நிமிடத்தில் இலை காலி. பாட்டு மட்டும் என்றால், 128 கேபிபிஎஸ் தரத்தில், ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி. நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்த்தால் மணிக்கு ஏழு ஜிபி வரை போகும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

அம்மாவின் போனில் 480பி. இருபது நிமிடத்துக்கு 150 எம்பி, 28 நாளைக்கு 4.2 ஜிபி. ஆறு ஜிபியில் நாலேகால் ஜிபி, ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. அண்ணன் வீட்டிலிருந்த பழைய சிடியிலிருந்து அதே பாட்டை எடுத்து அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தான். மீதி இருப்பது இரண்டு ஜிபிக்கும் குறைவு. படி இறங்கிவிட்டார்.

மற்றவர்கள் பட்டியலில் பொதுவாக மாட்டும் ஆசாமிகள் இவர்கள்தான்: மொபைல் நெட்டில் தானாக ஓடும் வீடியோக்கள், வாட்ஸ்அப் குழுக்களில் தானாக இறங்கும் காலை வணக்கப் படங்கள், எடுத்த போட்டோவையெல்லாம் கூகுள் போட்டோஸ் மேலே ஏற்றுவது, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது. நான்கையும் அந்தந்த அமைப்பில் வைஃபை இருந்தால் மட்டும் என்று மாற்றலாம். யூடியூபில் மொபைல் நெட்டுக்குத் தனியாகத் தரம் குறைத்து வைக்கலாம். ஆறு அங்குலத் திரையில் 480பிக்கும் 1080பிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிவதில்லை. என் கண்ணாடிப் பவரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் திரும்பவும் சொல்கிறேன், இதெல்லாம் செய்தும் படி இறங்க முடியாது என்றால் செய்யவே வேண்டாம். டோக்கன் இருக்கிறது, நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

நெட்டே வேண்டாதவர்கள்

பெரியப்பா வைத்திருப்பது பட்டன் போன். அதற்கும் பல மாதங்களாக 299 ஏறிக்கொண்டிருந்தது. கடையில் "வழக்கமாப் போடுறதா?" என்று கேட்டிருப்பார்கள், பெரியப்பா தலையாட்டியிருக்கிறார். அந்த போனில் ஒரு போட்டோகூடத் திறக்காது.

2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த விதித் திருத்தத்தின்படி, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத திட்டம் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அவை வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெலில் 365 நாளுக்கு 1,849 ரூபாய். 448-ஐ 28 நாள் கணக்கில் பார்த்தால் 149 ரூபாய் சொச்சம். பெரியப்பா கொடுத்துக்கொண்டிருந்ததில் சரிபாதி. இந்தத் திட்டங்களை விளம்பரத்தில் பார்ப்பது அபூர்வம், செயலியிலும் கீழே எங்காவது ஒளிந்திருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும்.

நெட் இல்லாவிட்டால் பணம் அனுப்ப முடியாதே என்பார்கள். வங்கிக் கணக்குடன் இணைத்த எண்ணிலிருந்து *99# அழைத்தால் நெட் இல்லாமலே யுபிஐ அனுப்பலாம். வேகமான வழி இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

வீட்டுக்கு வைஃபை போட்டால் மிச்சமா?

"எல்லாருக்கும் ரீசார்ஜ் பண்றதுக்கு ஒரு வைஃபை போட்டுடலாம்" என்பதை அடிக்கடி கேட்கிறோம். போட்டுப் பார்ப்போம். நான்கு பேர், ஆளுக்கு 299, மொத்தம் 1,196. பிராட்பேண்டில் 399 திட்டம், வரியோடு 471. அது முழு மாதத்துக்கு என்பதால் 28 நாளுக்கு 434 என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு போனும் 189-க்கு இறங்கினால் 756. மொத்தம் 1,190. ஆறு ரூபாய் மிச்சம்! நானும் இதைவிட அதிகமாக எதிர்பார்த்தேன்.

நான்கு பேரில் இரண்டு பேர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து, அவர்கள் டேட்டா இல்லாத திட்டத்துக்குப் போனால் கணக்கு 1,111 ஆகிறது. இப்போது 85 ரூபாய். மிச்சம் என்று பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் வீட்டுக்குள் யாரும் ஜிபி எண்ண வேண்டாம், டிவியும் ஓடும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு இது நஷ்டம்தான். ஆறு பேர் இருந்தால் நல்ல லாபம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர் பக்கத்து அறைக்காரரோடு பங்கு போட்டால் ஒழிய வேண்டாம்.

வெளியே இலவச வைஃபையும் உண்டு. பல ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தினம் அரை மணி நேரம் இலவசமாகத் தருகிறது. பயணத்துக்கு முன் சில பாட்டுகளை இறக்கிக்கொள்ள அது போதும். வங்கி வேலையை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாறுவது எப்படி?

நிறுவனம் மாறுவதற்கு எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடம் விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். குறியீடு வந்தபின் நாள் கடத்த வேண்டாம், நாலு நாளில் செத்துவிடும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பழைய திட்டத்தின் மீதி நாள்களும் பேலன்ஸும் கூட வராது என்பதால், திட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவதே கெட்டிக்காரத்தனம்.

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் விலை ஏற்றியபோது பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. பலர் அங்கே மாறினார்கள். சிலருக்கு நன்றாக அமைந்தது, சிலர் சிக்னல் கிடைக்காமல் திரும்பினார்கள். ஊருக்கு ஊர் அல்ல, தெருவுக்குத் தெரு மாறும் விஷயம் இது. பக்கத்து வீட்டில் அந்த சிம் இருந்தால் போனை வாங்கி ஒரு பாட்டு ஓட்டிப் பாருங்கள், எந்த விமர்சனத்தையும்விட அது நம்பகமானது.

பேலன்ஸ் காரணமில்லாமல் குறைகிறதென்றால் டேட்டாவைச் சந்தேகிக்க வேண்டாம். காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று எதையாவது தெரியாமல் அமுக்கியிருப்பீர்கள். 155223 என்ற இலவச எண்ணுக்கு அழைத்து நிறுத்தலாம்.

அம்மா 189-க்கு இறங்கி இரண்டு சுற்று சரியாகப் போனது. மூன்றாவது சுற்றில் அண்ணன் மகள் தவழ ஆரம்பித்தாள். தினம் சாயங்காலம் வீடியோ கால். பத்தொன்பதாம் நாள் அம்மா சாதா அழைப்பில் கூப்பிட்டார், "நெட்டு ஊர்ந்துக்கிட்டு இருக்குடா, குழந்தை முகமே தெரியல." இரண்டு நாள் பூஸ்டர் ஒன்று 29 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து பழையபடி 299 போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இப்போது வீடியோ கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாளில் குரல் மட்டும். பேசி முடித்ததும் திரையை மேலிருந்து இழுத்து நெட்டை அணைத்துவிடுகிறார். இது மூட்டைத் திட்டம் என்பதால் நானும் ஒன்றும் சொல்வதில்லை.